மூளை உடம்பை எப்படி ஓட்டுதுன்னு வீட்டிலேயே செஞ்சு பாக்கலாம்

பெருமூளை, சிறுமூளை, முகுளம்னு படம் வரைஞ்சு பாகம் குறிச்சு மார்க் வாங்கினதோட நம்மள்ல நிறைய பேருக்கு மூளை பாடம் முடிஞ்சிருச்சு, ஆனா அந்த வேலையெல்லாம் நம்ம உடம்புல நடக்குறத கண்ணாலயே பாக்கலாம். ஒரு ஸ்கேல், ஒரு கனமான புக், ஒரு போன், கூட ஒரு ஆள், அவ்ளோதான். லீவு நாள்ல பசங்கள கூட்டி வெச்சு செஞ்சீங்கன்னா செம ஜாலியா போகும்.

முதல்ல மூளைக்கு வேலையே இல்லாத ஒண்ணு. கால் தரையில படாம தொங்குற மாதிரி கட்டில் மேல உக்காருங்க, முட்டிச் சில்லுக்கு கீழ அமுக்கினா கொஞ்சம் பதியுற இடம் இருக்கும், அங்க இன்னொருத்தர் உள்ளங்கை ஓரத்தால லேசா வெட்டுற மாதிரி தட்டணும், கால் தானா முன்னாடி துள்ளும். தொடைத் தசை இழுபட்ட சேதி தண்டுவடம் வரைக்கும் போய் பதில் அங்கிருந்தே திரும்பிடுது, மூளைக்கு அப்புறமாத்தான் தெரியும். துள்ளலன்னா பயப்படாதீங்க, ரெண்டு கை விரலையும் கொக்கி போட்டு எதிரெதிரா இழுத்துக்கிட்டே இருங்க, அப்ப தட்ட சொல்லுங்க. யெண்ட்ராசிக்னு ஒரு ஹங்கேரி டாக்டர் 19ம் நூற்றாண்டுல சொன்ன ட்ரிக் இது, நியூரோ டாக்டருங்க இன்னிக்கும் யூஸ் பண்றாங்க.

அடுத்து ஸ்கேல். 30 செ.மீ ஸ்கேலை மேல் நுனில ஒருத்தர் பிடிச்சிக்கணும், பூஜ்யம் இருக்குற பக்கம் உங்க கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல, தொடாம. சொல்லாம கொள்ளாம விடுவாங்க, பிடிங்க. 15 செ.மீ கிட்ட பிடிச்சா சுமார் 0.17 செகண்ட், 20ன்னா 0.20 செகண்ட். அந்த நேரத்துக்குள்ள கண் பாத்தது பின்மண்டைக்கு போய், அங்கிருந்து அசைவுக்கு ஆர்டர் போடுற மூளைப் பகுதியான மோட்டார் கார்டெக்ஸ், அப்புறம் தண்டுவடம் வழியா விரலுக்கு வந்திருக்கு. இப்ப 17ம் வாய்ப்பாட்டை சத்தமா சொல்லிக்கிட்டே பிடிச்சு பாருங்க, பெரும்பாலும் ஸ்கேல் இன்னும் கீழ போயிரும், வண்டி ஓட்டும்போது போன் பேசாதன்னு சொல்றது சும்மா இல்ல. வலது கையை நகர்த்துறது இடது பக்க மூளை, நரம்புல பெரும்பகுதி முகுளத்துல பக்கம் மாறி இறங்குது. அதனாலதான் இடது மூளைல ஸ்ட்ரோக் வந்தா வலது கை கால் விழுது. யாருக்காவது திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணி, தூக்கின கை தானா இறங்கி, பேச்சு குளறினா டெஸ்ட் எதுவும் பண்ணிட்டு உக்காராம உடனே 108க்கு அடிங்க, அடைப்பை கரைக்கிற ஊசி பொதுவா முதல் நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது புக் டெஸ்ட்தான். முழங்கையை மடக்கி உள்ளங்கையை மேல பாத்து நீட்டி கண்ணை மூடிக்கோங்க, அதுல கனமான புக்கை வெச்சிட்டு கூட இருக்குறவர் திடீர்னு வெடுக்குன்னு தூக்கணும். கை சட்டுன்னு மேல எகிறும். மறுபடி வெச்சு, இந்த தடவை உங்க இன்னொரு கையாலயே எடுங்க. தாங்குற கை கிட்டத்தட்ட அசையாது! எடுக்குற கைக்கு ஆர்டர் போடும்போதே தாங்குற கைக்கும் மூளை சொல்லிடுது, வெயிட் குறையப் போகுது, தசையைத் தளர்த்துன்னு. அடுத்தவர் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிட்டு எடுத்தாலும் கை கொஞ்சமாச்சும் ஆடும், தெரிஞ்சிருந்தா மட்டும் பத்தாது, ஆர்டர் நம்ம மூளைலருந்தே கிளம்பணும். கை நிறைய தோசைத் தட்டு அடுக்கிட்டு வர்ற சர்வர் ஒவ்வொண்ணா அவரே எடுத்து வைக்கும்போது கை ஆடாது, நாம அவசரப்பட்டு ஒரு தட்டை உருவினா மொத்தமும் ஆடும். நம்மள நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததுக்கும் இதே முன்கணிப்புதான் காரணம், இதுல சிறுமூளைக்கு பெரிய பங்கு. அது மூளையோட எடைல பத்துல ஒரு பங்குதான், ஆனா மொத்தம் இருக்குற சுமார் 8,600 கோடி நியூரான்ல 6,900 கோடி அதுக்குள்ள இருக்கு.

போன்ல ஒரு மெசேஜை திறந்து, தலையை இல்லன்னு ஆட்டிக்கிட்டே படிங்க, படிக்க முடியும். தலையை அசைக்காம போனை அதே வேகத்துல ஆட்டுங்க, எழுத்து கலங்கிரும். தலை திரும்பினா உள்காது நேரா மூளைத்தண்டு வழியா கண் தசைக்கு சொல்லிடுது, சுமார் 0.01 செகண்ட்ல. போன் ஆடினா கண் பாத்துத்தான் துரத்தணும், அது லேட்.

உக்காந்தபடியே மணிக்கட்டுல நாடி பிடிச்சு மெதுவா மூச்சை இழுத்து விடுங்க. இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது குறையும், மூளைத்தண்டுலருந்து இதயத்துக்கு போற வேகஸ் நரம்போட வேலை இது, சின்ன வயசுக்காரங்களுக்கு நல்லா தெரியும்.

கடைசியா ஒத்தக்கால்ல நின்னு கண்ணை மூடுங்க. கண், உள்காது, மூட்டுலருந்து வர்ற சேதி மூணையும் வெச்சுத்தான் மூளை நம்மள நிக்க வைக்குது, ஒண்ணை பிடுங்கினா உடனே தள்ளாடும். சுவத்துக்கு பக்கத்துல நில்லுங்க, தாத்தா பாட்டிய இதுக்கு கூப்பிடாதீங்க.