ரெவ் லிமிற்றை ஏற்ற முன்: கராஜில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

போன மாதம் ஒரு பெடியன் ஹொண்டா ஈகே சிவிக் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். டி15பி வீடெக் எஞ்சின், சிப் போட்ட பி28 ஈசியூ (எஞ்சினை ஆளும் கணினி), பின் சீற்றில் லப்டொப். “அண்ணை, 7200-இலை வெட்டுது. 8200 ஆக்கித் தாங்கோ” என்றான். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுக்கு மேல் போகாமல் ஈசியூ வெட்டுகிறதோ, அதுதான் ரெவ் லிமிற்; வெட்டுவது லிமிற்றர். வால்வு ஸ்பிரிங் மாற்றியதா என்று கேட்டேன். இல்லை. எஞ்சின் எப்போதாவது திறந்ததா? தெரியாது, கார் வாங்கி எட்டு மாதம்தான். “லப்டொப்பிலை ஒரு நம்பர் மாத்துறதுதானே அண்ணை.”

அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. 2013-இல் இதே வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அதுவும் எனக்கே சொல்லி, நானே அந்த நம்பரை மாற்றினேன்.

சூடேறாத எஞ்சினை உறுமவிடாதே, ஒயில் பார்க்காமல் ஓடாதே என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவருக்கு லிமிற்றர் பக்கம் வேலையே இல்லை.

பவர் எங்கே முடிகிறது என்று பார்க்காமல் ஏற்றுவது

எஞ்சின் கூடச் சுற்றினால் கூட இழுக்கும் என்ற நினைப்பு பாதிதான் சரி. பவர் என்பது முறுக்கு விசையையும் சுழற்சியையும் பெருக்கி வருவது. நியூட்டன் மீற்றரை ஆர்பிஎம்மால் (நிமிடச் சுற்றால்) பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். ஒரு எஞ்சின் 7000-இல் 125 நியூட்டன் மீற்றர் தருகிறது என்று வையுங்கள்: ஏறத்தாழ 92 கிலோவாட். அதே எஞ்சினின் காற்றை உள்ளே விடும் கேம், ஹெட், மனிஃபோல்ட் எல்லாம் 8000-இல் மூச்சு வாங்கமுடியாமல் 100-க்கு விழுந்தால் 84 கிலோவாட்தான். ஆயிரம் ரெவ் கூட ஓடி 8 கிலோவாட் குறைந்துவிட்டது. சத்தம் மட்டும் கூடியிருக்கிறது.

அதனால் முதலில் டைனோவில் (பவரை அளக்கும் இயந்திரம்) ஏற்றி, அந்தக் கோடு எங்கே கவிழ்கிறது என்று பாருங்கள். கவிழ்ந்த இடத்துக்கு மேலே ஒரு முந்நூறு நானூறு ரெவ் விடுவதில் அர்த்தம் உண்டு. கியர் மாற்றும்போது எஞ்சின் நல்ல இடத்தில் வந்து விழும். அதற்கு மேலே போவது சும்மா தேய்மானம்.

“ஒண்டும் நடக்கேல்லையே” என்பதை ஆதாரமாக எடுப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு. ஏற்றினார்கள், இரண்டு மாதம் ஓடினார்கள், எதுவும் உடையவில்லை, ஆகவே எஞ்சின் தாங்குகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதை மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

எங்கள் பக்கம் இந்த நினைப்புக்கு ஒரு பின்னணியும் இருக்கிறது. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் அப்பா தன் ஒஸ்ரினை இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார். புகையும் நாற்றமுமாக அது ஓடத்தான் செய்தது. அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, எஞ்சின் என்றால் எதையும் தாங்கும் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. ஆனால் அந்த எஞ்சின் 5000 சுற்றைக் கண்டே இருக்காது. அசுத்தமான எரிபொருளைத் தாங்குவது வேறு. வேகத்தைத் தாங்குவது வேறு.

கணக்கைப் பாருங்கள். பிஸ்டன், பின், றிங், கொன்றொட்டின் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மேல் பாகம் எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று வைப்போம். டி15பி-யின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 84.5 மில்லிமீற்றர். 7200-இல் பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் கொன்றொட்டை மேலே இழுக்கும் விசை ஏறத்தாழ 1.27 தொன். 8200-இல் அது 1.65 தொன். ரெவ் கூடியது 14 வீதம், இழுவை கூடியது 30 வீதம். விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வரும் வித்தியாசம் இது. ஏழெட்டுச் சீமெந்துப் பைகளைக் கூடுதலாகத் தொங்கவிட்ட மாதிரி. அமுக்கும் ஸ்ட்ரோக்கின் உச்சியில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் எதிர்த்துத் தள்ளி இதைக் கொஞ்சம் தணிக்கும். புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் உச்சியில் அந்த உதவியும் இல்லை. முழு இழுவையும் கொன்றொட்டின் கீழ் மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ற்றுகளில் விழும், நிமிடத்துக்கு 4100 தடவை. உச்ச ரெவ்வில் காலைச் சட்டென்று எடுத்தால் உள்ளே உண்டாகும் வெற்றிடமும் சேர்ந்து இழுக்கும்.

போல்ற் அன்றைக்கே அறாது. இறுக்கிய போல்ற் ஒரு ஸ்பிரிங் மாதிரி. அதன் பிடி, வரும் இழுவையைவிடக் கூடுதலாக இருக்கும்வரை ஒவ்வொரு சுற்றின் ஏற்ற இறக்கமும் போல்ற்றுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒருமுறை அளவுக்கு மீறி இழுபட்டு, மயிரிழை நீண்டு, திரும்பிச் சுருங்காமல் விட்டால் பிடி குறைந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றும் நேரே போல்ற்றில் அடிக்கும். எங்கோ ஒரு மூலையில் வெடிப்புத் தொடங்கும். நீங்கள் அந்த நேரம் சாதாரணமாகக் கடைக்குப் போய் வந்துகொண்டிருப்பீர்கள்.

எனக்கு நடந்ததும் அதுதான். 8000-க்கு ஏற்றி நான்கு மாதம் ஓடினேன். ஆனையிறவு நேர் ரோட்டில் எத்தனை தடவை கடைசிவரை இழுத்திருப்பேன் என்று கணக்கில்லை, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பங்குனித் திங்கள், மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்க மாமியை ஏற்றிக்கொண்டு போகிறேன். ஐந்தாம் கியர், அறுபதுதான் வேகம். கைதடி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி இரும்புச் சட்டிக்குள் சுத்தியலைப் போட்டு உலுக்கிய மாதிரி. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் புளொக்கின் முன்பக்கத்தில் உள்ளங்கையளவு ஓட்டை, சூடான ஒயில் எக்ஸோஸ்ட்டில் விழுந்து புகைகிறது. மாமி பொங்கல் பானையை மடியில் வைத்தபடி வேப்பமர நிழலில் இருந்தா. ஒன்றும் சொல்லவில்லை. அது ஏச்சைவிட மோசம்.

அந்தக் கோபத்தில் நான் ஏசியது யாரை? போன கிழமை ஒயில் மாற்றிய என் கையாள் பெடியனை. அறுபதில் போன எஞ்சின் உடைந்தால் எவருக்கும் ரெவ் லிமிற் ஞாபகம் வராது. எஞ்சினை இறக்கிப் பிரித்தபோதுதான் விளங்கியது. மூன்றாம் சிலிண்டரில் ஒரு போல்ற் அறுந்திருந்தது. மற்ற ஏழையும் கழுவிக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்து மைக்ரோமீற்றரால் அளந்தேன். இரண்டு, மற்றவற்றைவிட நீளம். அதில் ஒன்றை நகத்தால் மேலிருந்து கீழே வருடினால், மரை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது. இழுத்த சவ்மிட்டாய் நடுவில் ஒடுங்குமே, அந்த மாதிரி. அதுவும் அறுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கையாளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

அதனால் ஏற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் போல்ற். பழையதைத் திரும்பப் போடாதீர்கள். ஏஆர்பி போன்ற தரமான புதியதைப் போடுங்கள். போட்டதோடு வேலை முடியாது. டி வகை எஞ்சினில் போல்ற்றைக் கொன்றொட்டுக்குள் அடித்துப் பொருத்த வேண்டும். புதியது ஏறும்போது பெரிய வளையம் கொஞ்சம் கோணும். லேத்துக்குக் கொடுத்து வட்டத்தைச் சரிபண்ணி, பெயாரிங் இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் விலையான போல்ற் போட்டு, மூன்றாம் நாள் பெயாரிங் தின்றுகொண்டு வந்தவர்கள் உண்டு.

இன்னொரு கதையும் அடிக்கடி கேட்கிறேன்: “பி16 எஞ்சின் 8200 ஓடுதுதானே அண்ணை, இதுவும் ஹொண்டாதானே?” பி16ஏ-யின் ஸ்ட்ரோக் 77.4 மில்லிமீற்றர். 8200-இல் அதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 21.2 மீற்றர் ஓடும். டி15பி அதே ரெவ்வில் 23.1 மீற்றர் ஓட வேண்டும். 1999-இல் வந்த எஸ்2000-இன் எஞ்சின் 9000-இல் 25 மீற்றரைத் தாண்டும். அதை ஹொண்டா 9000 ஓடவென்றே வடித்தது, பிஸ்டனிலிருந்து கொன்றொட் வரைக்கும். முன்னால் இருக்கும் முத்திரை ஒன்று என்பதற்காக உள்ளே இருக்கும் இரும்பும் ஒன்றாகிவிடாது.

பழைய வால்வு ஸ்பிரிங்கை நம்புவது

கேம் தள்ளிய வால்வைத் திரும்ப மூடுவது ஸ்பிரிங் மட்டும்தான். ரெவ் ஏற ஏற அதற்குக் கிடைக்கும் நேரம் குறையும். ஒரு கட்டத்தில் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும், மூடும்போது துள்ளும். மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டன் அதைத் தொட்டால் வால்வு வளையும், சிலவேளை தலையே கழன்று உள்ளே விழும். இருபத்தைந்து வருடம் பழைய காரில் இருபத்தைந்து வருடம் அமுங்கிய ஸ்பிரிங்தான் இருக்கும். புதிதாக வந்தபோது தாங்கியதை இன்று தாங்கும் என்று சொல்லமுடியாது.

அடையாளம்: மேல் ரெவ்வில் எஞ்சின் பிளக் அடிக்காத மாதிரி திக்கும், பவர் திடீரென்று சாகும். பலர் இதை இக்னிஷன் பிழை என்று நினைத்துக் கொயில் மாற்றுவார்கள். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டனின் மேலே பிறை வடிவில் ஒரு சின்னக் கீறல் இருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் கிடைக்கும் பெயர் தெரியாத ‘ரேஸ்’ ஸ்பிரிங்கும் தீர்வல்ல. சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுமா என்று வால்வு முழுதாய்த் திறந்த நிலையில் அளந்து பார்க்காமல் போட்டால், கேமையும் சேர்த்துத் தின்னும்.

லிமிற்றர் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நினைப்பது

லிமிற்றர் பெற்றோலையோ இக்னிஷனையோதான் வெட்டும். மூன்றிலிருந்து நான்குக்குப் போட வேண்டிய கை அவசரத்தில் இரண்டுக்குள் விழுந்தால், எஞ்சினைச் சுற்றுவது ரயர்தான். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் விகிதம் 1.4 மடங்கு என்று வைப்போம். 7500-இல் தவறினால் 10,500. 8200-இல் தவறினால் 11,480. லிமிற்றை ஏற்றுமுன் கியர் லீவர் புஷ்ஷையும் எஞ்சின் மவுண்ட்டையும் மாற்றுங்கள். தவறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

லிமிற்றரில் தொங்குவது

‘பட பட’ என்று வெடிக்கவிட்டுப் படம் பிடிக்கிறார்களே, அது. நிசானின் எஸ்ஆர்20 எஞ்சினில் வால்வைத் தள்ளும் ரொக்கர் ஆம் கழன்று விழும், ஆரம்பகால ஆர்பி26-இல் ஒயில் பம்ப் உடையும். நிறுத்துங்கள்.

95 ஒக்ரேன் பெற்றோல் ஊற்றினால் தாங்கும் என்பது

ஒக்ரேன், சிலிண்டருக்குள் எரிபொருள் தன்பாட்டில் வெடிக்கும் நொக்கிங்குக்கு. போல்ற்றுக்கு அல்ல.

பாரம் குறைந்த கிராங் புல்லி

அசல் புல்லியில் இருக்கும் றப்பர், கிராங்கின் அதிர்வைக் குடிக்கத்தான். அதை எடுத்துவிட்டு ரெவ்வையும் ஏற்றாதீர்கள்.

ஒயிலை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றுவது

கிராங் அடித்து நுரையாக்கும். நுரை பெயாரிங்கைக் காக்காது.

அந்தச் சிவிக் பெடியனுக்கு இவ்வளவும் சொல்லி, என் லாச்சியில் கிடக்கும் அந்த ஒடுங்கிய போல்ற்றையும் எடுத்துக் கையில் கொடுத்தேன். உருட்டிப் பார்த்தான். எஞ்சினை இறக்கி, போல்ற், ஸ்பிரிங், லேத் கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும் என்று கேட்டான். சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போனான்.

மூன்று கிழமை கழித்து ஒயில் மாற்ற வந்தான். வேறெங்கோ கொடுத்து 8000 ஆக்கியிருந்தான். “பாருங்கோ அண்ணை, ஒண்டும் நடக்கேல்லை” என்றான். ஏற்றி எத்தனை நாள் என்று கேட்டேன்.

“பதினொரு நாள்.”

பழைய ஒயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதுவரை உலோகத் துகள் மினுக்கம் எதுவும் இல்லை. பில்லின் பின்பக்கத்தில் திகதியையும் மீற்றர் கணக்கையும் குறித்துக் கொடுத்தேன்.