ஊசிய காந்தமாக்குறது எப்படி, அது ஏன் அப்படியே நிக்குது

தையல் ஊசி ஒண்ணு, பழைய ஸ்பீக்கர்ல கழட்டின காந்தம், கொஞ்சம் குண்டூசி, ஒரு துண்டு கட்டுக்கம்பி, கிண்ணத்துல தண்ணி. அவ்ளோதான்.

ஊசிய மேஜைல வெச்சு காதுப் பக்கத்த விரலால அமுக்கிக்கோங்க. காந்தத்தோட ஒரே முகத்தால காதுலேர்ந்து முனை வரைக்கும் ஒரே இழுப்பு, முனைய தாண்டினதும் காந்தத்த நல்லா மேல தூக்கி சுத்தி கொண்டுவந்து மறுபடி காதுலேர்ந்து. 30, 40 தடவ. நான் மொதல்ல கத்தி தீட்டுற மாதிரி முன்னயும் பின்னயும் தேச்சுட்டு இருந்தேன், பேருக்கு ஒரு குண்டூசி தொத்துச்சு, அதுவும் விழுந்துடுச்சு.

விஷயம் என்னன்னா, இரும்புக்குள்ள குட்டி குட்டியா காந்தப் பகுதிங்க ஏற்கனவே இருக்கு, டொமைன்னு பேரு, 1907ல பியர் வெய்ஸ்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி சொன்னது. ஒவ்வொண்ணும் ஒரு திசைய பாத்துட்டு இருக்கறதால வெளிய ஒண்ணும் தெரியாது. நாம இழுக்க இழுக்க நம்ம திசைல இருக்கற பகுதி, வரப்ப நகத்தி பக்கத்து வயல சேத்துக்கற மாதிரி பெருசாகிட்டே போகும். ஊசி கெட்டி எஃகு, அதுல கார்பன் இருக்கு, நகந்த வரப்பு அங்கங்க சிக்கி திரும்ப வர முடியாம நின்னுடும். கட்டுக்கம்பிய அதே மாதிரி தேச்சு பாருங்க, காந்தம் ஒட்டியிருக்கறப்ப குண்டூசிய தூக்கும், காந்தத்த எடுத்தா பொலபொலன்னு கொட்டிடும். மெது இரும்பு, வரப்பு வழுக்கிட்டு பழைய எடத்துக்கே போயிடுது.

ஊசிய ஒரு சின்ன இலை மேல வெச்சு தண்ணில விடுங்க, மெதுவா திரும்பி வடக்கு தெக்கா நிக்கும். வட துருவத்தால தேச்சிருந்தா முனை தெக்க பாக்கும், ஏன்னா கடைசியா விட்ட எடம் எதிர் துருவமாகும்.

இப்ப அழிக்கலாம் (பசங்க தனியா பண்ண வேணாம்). குறடால புடிச்சு கேஸ் அடுப்புல நல்லா செவக்க காட்டுங்க. 770 டிகிரி தாண்டினா இரும்புல காந்தம் நிக்காது. தீய மெல்ல மெல்ல குறைச்சு ஆற விட்டா குண்டூசி ஒட்டாது, ஊசியும் கம்பி மாதிரி வளையும், திரும்ப தேச்சாலும் பழைய மாதிரி நிக்காது. மறுபடி செவக்க வெச்சு சட்டுனு தண்ணில முக்குங்க, மெல்லிசு ஊசி ஒரு செகண்டுல ஆறிடும், அதனால கிண்ணம் அடுப்பு பக்கத்துலயே இருக்கட்டும். இப்ப தேச்சா நிக்கும், ஆனா வளைக்காதீங்க, டக்குனு ஒடஞ்சு தெறிக்கும்.