கழுத்தில் கொடி: ஸ்கேன் அறையிலும் ரிப்போர்ட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி, ஒரு சுற்று’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்த வீட்டில் அன்று இரவு யாரும் தூங்க மாட்டார்கள். காரைக்குடியில் ஸ்கேன் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன விஷயம். புதுவயல், கண்டனூர், கல்லல், தேவகோட்டை என்று சுற்றுப்பட்ட ஊர்களுக்குத் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கும் பெண்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து சிங்கப்பூரில் இருக்கும் கணவருக்கு அனுப்புவார்கள். கொஞ்ச நேரத்திலேயே “நாளைக்கே ஆபரேஷன் பண்ணிரலாமா?” என்று அங்கிருந்து கேள்வி வந்துவிடும். பார்த்ததைச் சரியாகப் பார்த்து, எழுதுவதைச் சரியாக எழுதி, இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசினால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி வரவே வராது. ஸ்கேன் துறையில் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காகவும், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கும் குடும்பங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. பிரசவ நேரத்தில் நூற்றில் 20 முதல் 30 குழந்தைகளுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். அதில் பெரும்பாலானவை ஒரே சுற்று. கொடியின் நீளம் சராசரியாக 50 முதல் 60 செ.மீ.; நீரில் மிதந்து புரளும் குழந்தை அதற்குள் நுழைவதும் வெளியே வருவதும் சாதாரணம். வயிற்றுக்குள் குழந்தை மூக்காலோ தொண்டையாலோ மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் பிளாசென்டாவிலிருந்து (நஞ்சுக்கொடி) தொப்புள்கொடி வழியாக வருகிறது. அதனால் ‘கழுத்து இறுகி மூச்சு முட்டும்’ என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. கவனிக்க வேண்டியது கொடிக்குள் ஓடும் ரத்தம் தடைபடுகிறதா என்பதைத்தான். கொடியில் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உண்டு. அவை அமுங்கிவிடாதபடி வார்ட்டன் ஜெல்லி என்ற வழுவழுப்பான பொருள் சுற்றிலும் காக்கிறது.

ஸ்கேன் அறையில் அதிகம் நடக்கும் தவறு, ஒரே படத்தைப் பார்த்து முடிவு கட்டுவது. நீளவாக்கில் பார்க்கும்போது பிடரித் தோலில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும், அந்தப் பள்ளத்தில் கொடி வட்டமாக உட்கார்ந்திருக்கும். இது நல்ல அடையாளம்தான், ஆனால் இது மட்டும் போதாது. பிடரியில் சும்மா சாய்ந்து கிடக்கும் கொடியும் இப்படித்தான் தெரியும், தோல் மடிப்பும் சில நேரம் இப்படி ஏமாற்றும். அதனால் புரோபை (வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவி) அப்படியே திருப்பிக் கழுத்தின் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டு, மெதுவான ஓட்டமும் தெரியும்படி வேக ஸ்கேலைக் குறைத்து, கெயினை (சிக்னலைக் கூட்டிக் காட்டும் அளவு) அளவாக வைத்தால், கொடியின் நிறம் கழுத்தை முன்னும் பின்னும் முழுசாகச் சுற்றி வருகிறதா என்பது புலப்படும். முழுசாகச் சுற்றினால்தான் அது சுற்று. கழுத்துக்கு முன்னால் மிதக்கும் கொடி சுற்று ஆகாது. கழுத்துக்கு உள்ளேயே ஓடும் குழந்தையின் சொந்த ரத்தக்குழாய்களும் சுற்று ஆகாது. கெயினை ஏற்றி வைத்தால் எல்லா இடத்திலும் சிவப்பும் நீலமும் வழிந்து, இல்லாத சுற்றும் இருப்பதாகத் தெரியும். பனிக்குட நீர் குறைவாக இருந்தாலும், தலை இடுப்புக்குள் நன்றாக இறங்கிக் கழுத்து மடங்கியிருந்தாலும் படம் தெளிவாகக் கிடைக்காது. அப்போது அந்தப் பெண்ணைச் சற்று ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால், ‘கழுத்துப் பகுதி தெளிவாகத் தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மை.

சுற்றுகளை எண்ணுவதிலும் அவசரம் கூடாது. பிடரியில் ஒரு பள்ளம் ஆங்கில ‘யு’ போலத் தெரிந்தால் ஒரு சுற்று, இரண்டு பள்ளம் சேர்ந்து ‘டபிள்யூ’ போலத் தெரிந்தால் இரண்டு சுற்று என்பது பொதுவான வழி. ஆனால் ஒரே கொடி மடிந்து பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும் இரண்டு வட்டம் தெரியும். இதையும் குறுக்குவெட்டில் பின்தொடர்ந்து போய்த்தான் உறுதி செய்ய வேண்டும். அப்புறம் ‘இறுக்கமான சுற்று’ என்று எழுதுவது. இறுக்கத்தை ஸ்கேனில் நம்பகமாக அளக்க முடியாது. காலையில் இருந்த சுற்று மாலையில் அவிழ்ந்தும் போகலாம். நம்மால் சொல்ல முடியாததை ரிப்போர்ட்டில் ஏற்றினால் அதைச் சுமக்கப் போவது அந்தத் தாய்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒரு இடம் இருக்கிறது. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, குழந்தையின் கழுத்தின் பின்புற நீர்ப்படலத்தின் தடிமனை அளக்க எடுக்கும் என்.டி. ஸ்கேனில், நூற்றில் 5 முதல் 10 குழந்தைகளுக்குக் கழுத்தில் கொடி இருக்கலாம். கொடி அழுத்துவதால் கழுத்தின் பின்புற நீர்ப்படலம் தடித்துக் காட்டும். அங்கே ஒரே இடத்தில் அளந்தால் என்.டி. அளவு பொய்யாகக் கூடி, டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் கோளாறுக்கான ஆபத்துக் கணக்கே மாறிவிடும். தேவையில்லாத ரத்தப் பரிசோதனை, பனிக்குட நீர் எடுக்கும் பரிசோதனை என்று ஒரு குடும்பம் மதுரைக்கும் ஊருக்கும் அலைய நேரும். செய்ய வேண்டியது எளிது. கொடிக்கு மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு எடுத்து, இரண்டின் சராசரியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். கொடி இருந்ததையும் சராசரி எடுத்ததையும் ரிப்போர்ட்டில் குறிப்பிடுங்கள். முதல் மூன்று மாதத்தில் கழுத்துக் கொடியைக் கட்டாயம் எழுத வேண்டிய இடம் இது ஒன்றுதான். உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் 20 வார அனாமலி ஸ்கேனில் தெரியும் சுற்றைப் பெரிதாக எழுதுவதில் ஒரு பயனும் இல்லை. பிரசவத்துக்குள் அது எத்தனையோ தடவை மாறும்.

சரி, கடைசி மாதங்களில் தெளிவாகத் தெரிந்துவிட்டது, என்ன எழுதுவது? மறைக்க வேண்டியதில்லை, கொட்டை எழுத்தில் முடிவுரையின் தலையில் வைக்கவும் வேண்டியதில்லை. ‘கழுத்தைச் சுற்றி ஒரு சுற்றுத் தொப்புள்கொடி தெரிகிறது. குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீர், டாப்ளர் இயல்பாக உள்ளன’ என்று சேர்த்து எழுதினால் படிப்பவருக்கு முழு நிலவரமும் கிடைக்கும். முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி நிறுத்துவதுதான் பயத்தை வளர்க்கிறது. ‘சிசேரியன் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதுவது இன்னும் பெரிய தவறு. ஒரு சுற்றுக் கொடி மட்டும் இருப்பது சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. பிரசவம் எப்படி என்பதைத் தாயை நேரில் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எல்லாச் சுற்றும் சும்மா என்று கையை வீசிவிடுவது. மூன்று, நான்கு சுற்று இருந்தாலோ, குழந்தையின் எடை வளராமல் நின்றாலோ, நீர் குறைந்தாலோ, தொப்புள் தமனி டாப்ளரில் ரத்த ஓட்டம் மாறினாலோ, அதை அன்றைக்கே மருத்துவரிடம் போனில் சொல்ல வேண்டும். அதேபோல் குழந்தை வளரவில்லை என்றவுடன் ‘கொடிதான் காரணம்’ என்று முடித்துவிடவும் கூடாது. தாயின் ரத்த அழுத்தம், பிளாசென்டாவின் நிலை எல்லாவற்றையும் தேட வேண்டிய நேரம் அது.

ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு ‘டாக்டர்ட்ட காட்டுங்க’ என்று அனுப்பிவிடுவதும் தவறுதான். எங்கள் பக்கத்தில் பெண்ணோடு அவளுடைய ஆயா (பாட்டி) துணைக்கு வருவார். ஒருநாள் ஓர் ஆயா ஸ்கேன் மேசைக்குப் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “டாக்டரம்மா, கொடி மாலை போட்டுருக்குன்னா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு சொல்லுவாகளே?” நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னேன்: “ஆயா, நாலஞ்சு பிள்ளையில ஒண்ணுக்கு இப்படித்தான் இருக்கும். அத்தனை மாமன்களும் நல்லாத்தான் இருக்காக.” முகம் தெளிந்தது. மாமன் முதலில் எண்ணெயில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு நேரில் பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதைச் செய்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை, நானும் அதைத் தடுத்துப் பேசுவதில்லை. கண்டிக்க வேண்டியது வேறொன்றை: ‘நீ எழுந்து உட்காராமப் புரண்டு படுத்ததாலதான், கையைத் தூக்கித் துணி காயப் போட்டதாலதான்’ என்று அந்தப் பெண்மேல் பழி போடுவதை. தாய் எப்படிப் படுத்தாலும், எதைத் தூக்கினாலும் கொடி சுற்றுவதில்லை. குழந்தையின் அசைவும் கொடியின் நீளமும்தான் காரணம். இதை ஆயா, மாமியார் காதில் விழும்படி ஸ்கேன் அறையிலேயே சொல்லிவிடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் பெரிய உதவி.

பிரசவ அறையில் என்ன நடக்கும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லலாம். வலி வரும்போது குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிப்பார்கள். சில நேரம் துடிப்பு குறைந்து மறுபடி ஏறும். அது எவ்வளவு, எத்தனை தடவை என்பதைப் பொறுத்து முடிவெடுப்பார்கள். தலை வெளியே வந்ததும் மருத்துவர் விரலை விட்டுப் பார்த்து, கொடி தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவார். கழற்ற முடியாதபடி இருந்தால் அதற்கும் அவர்களுக்கு முறைகள் தெரியும்.

வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது குழந்தையின் அசைவைப் பற்றி. 28 வாரத்துக்கு மேல், ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு தெரிகிறதா என்று பார்க்கலாம். குறைந்தாலோ, வழக்கத்தைவிட மாறியதாகத் தோன்றினாலோ, கொடி சுற்றியிருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேற்றுத்தானே ஸ்கேன் நல்லா இருக்குன்னு சொன்னாக என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வண்டி இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.