டிஜோன் நகரை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் டிஜோன் வந்துவிடும். பிரான்ஸின் பர்கண்டி பகுதியை ஆண்ட கோமகன்களின் ஊர். முதல்முறை போகிறவர்கள் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் நாள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. மற்ற நாட்களில் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணமே கிடையாது.

ரயில் நிலையத்திலிருந்து டார்சி பூங்காவுக்கு நடங்கள். அங்கே தரையில் ஆந்தை பொறித்த உலோகத் தகடுகள் தொடங்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டே போனால் 22 இடங்களைப் பார்த்துவிடலாம்.

அப்புறம் நோத்ர் தாம் தேவாலயம். பக்கவாட்டுச் சுவரில் சின்னக் கல் ஆந்தை ஒன்று இருக்கும். இடது கையால் தடவி வேண்டிக்கொள்வது ஊர் வழக்கம். தடவித் தடவியே அதன் முகம் மழுங்கிவிட்டது.

அடுத்து கோமகன்களின் அரண்மனை, அருங்காட்சியகம் அதற்குள்தான். ஓவியங்கள் நிறைய உண்டு, ஆனால் நேராகக் கல்லறைகள் உள்ள கூடத்துக்குப் போங்கள். 1404இல் இறந்த கோமகன் இரண்டாம் பிலிப்பின் கல்லறை அங்கே இருக்கிறது. மேலே படுத்திருக்கும் உருவத்தோடு திரும்பிவிடாதீர்கள். குனிந்து அடியில் பாருங்கள். சுமார் 40 செ.மீ. உயரத்தில், துக்கம் காக்கும் வெள்ளைக் கல் மனிதர்கள் வரிசையாகப் போகிறார்கள். ஒருவர் அங்கியால் கண்ணைத் துடைக்கிறார். இன்னொருவரின் முக்காடு முகத்தையே மறைத்திருக்கிறது. துணியின் மடிப்பிலேயே அழுகை தெரிகிறது. நான் அரைமணி நேரம் அங்கேயே நின்றேன். நீங்களும் அவசரப்படாதீர்கள்.

கால் வலு இருந்தால் அரண்மனைக் கோபுரத்தின் 316 படிகள் ஏறலாம். வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்பதிவு வேண்டும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வண்ண ஓடு வேய்ந்த கூரைகள் கீழிருந்தும் தெரியும்.

மாலைக்கு, ரயில் நிலையத்துக்கு மேற்கே ஷாம்மோல். அந்தக் கல்லறைகள் முதலில் இருந்தது இங்கிருந்த மடத்தில்தான். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடம் போய்விட்டது. இன்று அது மனநல மருத்துவமனை வளாகம். திறக்கும் நேரத்தைச் சுற்றுலா அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லறையில் வேலை செய்த அதே சிற்பி கிளாஸ் ஸ்லூட்டர் செதுக்கிய 'மோசேயின் கிணறு' என்ற கற்சிற்பம் அங்கே தப்பி நிற்கிறது. சுற்றிலும் பைபிளில் வரும் ஆறு தீர்க்கதரிசிகள், ஆளுயரத்தில். அவர்களில் ஒருவரான எரேமியாவுக்கு அந்தக் காலத்தில் உலோக மூக்குக்கண்ணாடிகூட மாட்டியிருந்தார்களாம். கண்ணாடி இப்போது இல்லை. கையில் விரித்த புத்தகத்தை அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்.