கைவிடப்பட்ட நாய், பூனைகளுக்கு வீடு தேடித் தருவது எப்படி?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஒரு நாய் தனியே நிற்பதாலேயே அது கைவிடப்பட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது. காது நுனியில் வெட்டு அடையாளம் இருந்தால், அது கருத்தடை செய்யப்பட்டு, விதிப்படி தன் தெருவிலேயே திரும்ப விடப்பட்ட நாய். அதை இடம்பெயர்ப்பது தவறு. கழுத்தில் பட்டைத் தடம் தெரிய, மற்ற நாய்கள் விரட்ட, கடந்து செல்லும் வண்டிகளின் பின்னால் ஓடி ஏமாந்து நிற்பதோ பெரும்பாலும் ஒரு வீட்டில் வளர்ந்த உயிர். வளர்ப்பு விலங்கைத் தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆனாலும், அது வழிதவறி வந்ததா என்று முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

மீட்பில் இறங்குபவர் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ பட்டால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மீட்ட விலங்கைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் கொடுத்து, இரண்டு வாரம் தனியே வைப்பது நல்லது. பார்வோ என்னும் கொடிய வைரஸ் தொற்று நாய்க்குட்டிகளிடையே அத்தனை வேகமாகப் பரவும். பூனைக்குட்டிக்குப் பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும்.

தத்துக் கேட்பவரின் வீட்டை நேரில் பாருங்கள். வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதத்தையும், பூனையானால் மாடி ஜன்னலில் வலை இருப்பதையும் உறுதிசெய்யுங்கள். தீபாவளியை ஒட்டி ஒப்படைக்காதீர்கள். புதிய வீட்டில் வெடிச்சத்தம் கேட்டு மிரண்ட நாய் ஓடிவிட்டால், திரும்பி வர அதற்கு வழி தெரியாது.