மயில்கழுத்து நிறத்தில் ஓர் அரை டாலர்

கொலுசு கறுத்தால் விபூதி போட்டுத் தேய்க்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். இப்போது நிறம் மாறிய வெள்ளிக் காசைத் தேடிப் பிடித்து, அதற்குக் கூடுதல் விலையும் கொடுக்கிறேன். என் மனைவி இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான் தேடுவது அமெரிக்க ப்ரூஃப் காசுகள், அதிலும் 1950 முதல் 1963 வரை வந்த ஃபிராங்க்ளின் அரை டாலர். முன்பக்கம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முகம், பின்பக்கம் ஒரு மணி. மெருகேற்றிய அச்சில், சேகரிப்பவர்களுக்கென்றே அடித்தவை. 90 சதவீதம் வெள்ளி. உருவம் இல்லாத வெற்றிடம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல இருக்கும். 1936 முதல் 1942 வரை வந்த ப்ரூஃப்கள் இன்னும் அழகு, ஆனால் விலை கையைக் கடிக்கும். கண் பழகிய பிறகு அங்கே போகலாம்.

முதலில் 1950-க்கும் 1955-க்கும் இடைப்பட்டதைத் தேடுங்கள். அப்போது ஒவ்வொரு காசையும் தனி உறையில் போட்டு, உறைகளைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து, சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். அட்டையிலும் காகிதத்திலும் இருக்கும் கந்தகம் பல வருடமாக வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகிறது. 1955-இன் நடுவில் தட்டையான பிளாஸ்டிக் உறைக்கு மாறிவிட்டார்கள். அதில் நல்ல நிறம் எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது.

நிறத்துக்கு ஒரு வரிசை உண்டு. மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் வானவில் தெரியுமே, அதே கதைதான். படலம் தடிக்கத் தடிக்க முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் செம்பு கலந்த ஊதா, அப்புறம் நீலம். இயற்கையாக மாறிய காசில் விளிம்பு நீலமாகவும், உள்ளே வர வர ஊதாவாகவும் மஞ்சளாகவும், நடுவில் வெள்ளையாகவும் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். இடையில் மஞ்சளே இல்லாமல் நீலத்தை ஒட்டி வெள்ளை வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த கட்டணம் ஒரு 1954 காசு. நாணயக் கண்காட்சி ஒன்றில், விற்பவரின் விளக்கு வெளிச்சத்தில் அது மயில்கழுத்துப் பட்டுபோல மின்னியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நீலத்துக்கு அடியில் கண்ணாடியே இல்லை. மெல்லிய கீறல்கள் பின்பக்க மணியின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடின, கீறலுக்குள்ளும் அதே நீலம். யாரோ துணியால் துடைத்துக் கெடுத்துவிட்டு, அதை மறைக்க ரசாயனத்தில் நிறம் ஏற்றியிருக்கிறார்கள்.

அதனால் இப்போது நான் முதலில் பார்ப்பது நிறத்தை அல்ல. அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ், காசை ஓரத்தில் மட்டும் பிடித்து மெதுவாகச் சாய்த்துத் திருப்புவேன். நிறத்தை ஊடுருவிக்கொண்டு பல்பின் உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும். சாய்க்கும்போது நிறம் மங்கி, திரும்ப வர வேண்டும். எந்தக் கோணத்திலும் பெயின்ட் அடித்ததுபோல அப்படியே நின்றால் கீழே வைத்துவிடுங்கள். கரியாகக் கறுத்ததும் வேண்டாம், மேற்பரப்பே அரித்திருக்கும்.

இணையத்தில் வாங்கினால், காசைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி சான்றளித்து மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் இருப்பதை வாங்குங்கள். படத்தில் காசைப் பார்க்கும் முன் அந்தப் பெட்டியின் லேபிளைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் நீலம் தட்டியிருந்தால், காசின் நீலமும் படத்தால் வந்ததாக இருக்கலாம். சாய்த்து எடுத்த இன்னொரு படம் கேளுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் தயங்க மாட்டார்.

வாங்கிய பிறகு பிவிசி உறையில் போடாதீர்கள், பச்சையாகப் பிசுபிசுக்கும். நான் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன், படுக்கையறை அலமாரியில். சமையலறைப் பக்கம் கொண்டுபோவதே இல்லை.