டோர் கேம் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: மூன்றாவது வரியும் மற்றவையும்

போன ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியிலிருந்து ஓர் இளைஞர் மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் வீட்டுக்கு மடிக்கணினியோடு வந்தார். புதிதாக ஒரு பி.பி.எஸ். (பலர் கணினி வழியே நுழைந்து செய்தி எழுதவும் விளையாடவும் உதவும் மின்னணுப் பலகை) நிறுவி, அதில் நான்கு டோர் கேம்களும் (பலகைக்குள்ளிருந்து தொடங்கும் பழைய விளையாட்டுகள்) வைத்திருந்தார். வரவேற்புத் திரையில் கபாலீசுவரர் கோயில் கோபுரத்தை ஆன்சி எழுத்துகளாலேயே வரைந்திருந்தார். பொறாமைப்படும்படி வந்திருந்தது. காபி குடித்துக்கொண்டே, விளையாட்டைத் தொடங்கும் கட்டளைகள் வரிவரியாக இருக்கும் பேட்ச் ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னேன். மூன்றாவது வரியைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஒரு மாதமாக ஓடுகிறது சார், ஒரு குறையும் இல்லை" என்றார்.

"எத்தனை பேர் விளையாடுகிறார்கள்?"

"இப்போதைக்கு நான் மட்டும்தான் சார்."

அதே வரியை ஒரு காலத்தில் நானும் எழுதியிருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். ஃபைல் இருக்கும் பாதையைத் தப்பாக அடிப்பது, கூடவே வரும் கையேட்டைத் திறந்தே பார்க்காதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பத்து நிமிடத்தில் தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓட்டுவது

ஓடாது. 16 பிட் டாஸ் நிரல்களை அது ஏற்பதில்லை. பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் ஒன்று வேண்டும், டாஸ்பாக்ஸ் அல்லது டாஸ்எமு.

ரன்டைம் எரர் 200

விளையாட்டைத் திறந்தவுடன் இந்தச் செய்தியோடு நின்றுவிட்டால், ஜிப் ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி வேறு வேறு இடங்களிலிருந்து இறக்கிக்கொண்டே இருக்காதீர்கள். ஃபைலில் குறை இல்லை, உங்கள் கணினி வேகமாக இருப்பதுதான் குறை. டர்போ பாஸ்கலில் எழுதிய பல விளையாட்டுகள், தொடங்கும்போது ஒரு சுழற்சியை ஓட்டிக் கணினியின் வேகத்தை அளந்து, வந்த எண்ணை வகுத்துப் பார்க்கும். 1990களின் பிற்பகுதியில் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினிகள் வந்தபோது அந்த விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் போனது. வழிந்த விடையைப் பூஜ்ஜியத்தால் வகுத்த பிழை என்று நிரல் நினைத்துக்கொள்கிறது. எமுலேட்டரின் வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் இதற்கென்றே எழுதப்பட்ட சிறு திருத்த நிரல்கள் கிடைக்கின்றன.

பாஸில் டிரைவரை மறப்பது

பழைய விளையாட்டுகளில் பலவும் மோடத்தோடு தாமே பேசுவதில்லை, பாஸில் என்னும் இடைநிரல் வழியாகத்தான் பேசும். எமுலேட்டருக்குள் பி.என்.யூ. அல்லது எக்ஸ்00 என்ற டிரைவரை முதலில் ஏற்றி, அதன் பிறகே விளையாட்டைத் தொடங்க வேண்டும். ஏற்றியும் வருபவருக்குக் கறுப்புத் திரை மட்டும் தெரிகிறதா? வந்தவரைப் பற்றி பி.பி.எஸ். விளையாட்டுக்கு எழுதிக் கொடுக்கும் டோர்.சிஸ் ஃபைலின் முதல் வரியைப் பாருங்கள். அங்கே காம்0 என்று இருந்தால், வந்திருப்பவர் சர்வருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று விளையாட்டு எடுத்துக்கொள்ளும். அதன் ஆட்டம் முழுவதும் யாருமில்லாத சர்வர் திரையில் நடந்துகொண்டிருக்கும்.

எல்லா நோடுகளுக்கும் ஒரே ஃபோல்டர்

இனி அந்த மூன்றாவது வரி.

டோர் கேம் என்பது தனி நிரல். வந்தவரை பி.பி.எஸ். ஒரு கதவைத் திறந்து வெளியே அனுப்புகிறது, ஆடி முடித்ததும் திரும்ப உள்ளே அழைத்துக்கொள்கிறது. அனுப்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது. அதுதான் டிராப் ஃபைல். வந்தவர் பெயர், அவருக்கு எவ்வளவு நேரம் பாக்கி, பாதுகாப்பு நிலை, எந்த நோடு (ஒரே நேரத்தில் நுழைபவர் ஒவ்வொருவருக்கும் உரிய இணைப்பு) என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். டோர்.சிஸ் என்றால் 52 வரி, டோர்இன்ஃபோ1.டெஃப் என்றால் 13, டோர்32.சிஸ் என்றால் 11. விளையாட்டு அதைத் தொடக்கத்தில் ஒரு முறை படித்து அப்படியே நம்பிவிடும், கடவுச்சொல் கேட்காது. கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டார் என்று சொன்னவரையெல்லாம் பந்தியில் உட்கார வைப்பது போலத்தான்.

அந்த இளைஞரின் மூன்றாவது வரி, அந்தச் சீட்டை விளையாட்டின் ஃபோல்டருக்குள் காப்பி செய்தது. நான்காவது வரி விளையாட்டைத் தொடங்கியது. ஒருவர் மட்டும் ஆடினால் இதில் எந்தப் பிழையும் இல்லை. இரண்டாவது நோடில் இன்னொருவர் அதே விளையாட்டைத் தேர்ந்தெடுத்தால், அவருடைய சீட்டும் அதே ஃபோல்டரில் அதே பெயரில் போய் விழும். எமுலேட்டர் எழுந்து நிற்க மூன்று நான்கு விநாடி ஆகிறது. அந்த இடைவெளிக்குள் இரண்டாமவர் வந்துவிட்டால், முதலாமவரின் விளையாட்டு இரண்டாமவரின் சீட்டைப் படித்துவிடும்.

மூன்று விநாடிக்குள் இரண்டு பேர் எங்கே வரப்போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

என் சர்வர் வெளிநாட்டில் இருந்த ஒரு வாடகை இயந்திரம். அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியதை நான் கவனிக்கவில்லை. அதனால் விளையாட்டில் புதிய நாள், சென்னையில் காலை ஐந்தரை மணிக்குப் பிறந்துகொண்டிருந்தது. லெஜண்ட் ஆஃப் த ரெட் டிராகன் (1989இல் சேத் ஏபிள் ராபின்சன் எழுதியது, இன்றும் எல்லோரும் முதலில் வைப்பது இதைத்தான்) போன்ற விளையாட்டுகளில் ஒரு நாளைக்கு இத்தனை சண்டை என்று கணக்கு உண்டு. நாள் மாறினால்தான் அது மறுபடி நிரம்பும். பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒருவர், "நாள் நள்ளிரவில்தானே சார் மாற வேண்டும்?" என்று கேட்டார். கேட்டது நியாயம். அன்று மதியமே கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, பெரிய வேலை செய்துவிட்டதாக எல்லோருக்கும் செய்தியும் போட்டேன்.

அந்தச் செய்திதான் வினை. காலை ஐந்தரைக்கு யாரும் காத்திருக்கவில்லை, எழுந்தபோது எழுந்து வந்தார்கள். இரவு பன்னிரண்டுக்கோ நான்கைந்து பேர் விரலை விசையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தப்பைத் திருத்தப் போய், அதுவரை அது மறைத்து வைத்திருந்த இன்னொரு தப்பைத் திறந்துவிட்டேன்.

அந்த வாரமே திருவல்லிக்கேணிக்காரர் ஒருவரும் அம்பத்தூர்க்காரர் ஒருவரும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். அம்பத்தூரில் அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. திருவல்லிக்கேணிக்காரர் அம்பத்தூர்க்காரரின் பெயரில் உள்ளே நின்றார். புதிதாக ஏதோ மாயம் சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணியவர், வங்கியில் இருந்த தங்கத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்ச் செத்தார். அந்த விளையாட்டில் செத்தால் கையில் இருந்த தங்கமும் போகும், அடுத்த நாள் வரை நுழையவும் முடியாது. மறுநாள் காலை அம்பத்தூர்க்காரர் வந்தபோது, தாம் இறந்துவிட்ட செய்தியை அன்றைய நிகழ்வுகள் பட்டியலில் படித்தார்.

அவர் என்னிடம் கேட்டார். நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. "கடவுச்சொல்லை யாருக்காவது கொடுத்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டாம் முறை நடந்தபோதும் அதையேதான் கேட்டேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை, போய்விட்டார். அதன் பிறகு திரும்பி வரவே இல்லை.

அடுத்த மூன்று வாரங்கள் இல்லாத இடத்திலெல்லாம் தேடினேன். எமுலேட்டரை மாற்றினேன். விளையாட்டின் வேறு பதிப்பைப் போட்டேன். கடைசியில் ஆட்டக்காரர்களின் தகவல்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்து, ஐந்து மாத ஆட்டத்தை அழித்து முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டே நாளில் மறுபடியும் அதே கதை. பதிவேட்டில் நுழைந்த நேரங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான், குளறுபடி நடந்த ஒவ்வொரு முறையும் இரண்டு நோடுகள் இரண்டு மூன்று விநாடி இடைவெளியில் திறந்திருப்பது தெரிந்தது. பார்க்க வேண்டிய முதல் இடத்தைக் கடைசியில் பார்த்திருக்கிறேன்.

அந்த வரி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1978இல் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சிகாகோவில் முதல் பி.பி.எஸ்ஸைத் தொடங்கியபோது இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. பின்னால் வந்த வீட்டுப் பலகைகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஒருவர் தொலைபேசியை வைத்தால்தான் அடுத்தவர் நுழைய முடியும் என்னும்போது, சீட்டை எங்கே வைத்தால் என்ன? அந்தக் காலக் குறிப்புகளை இன்று இணையத்தில் பத்து நோடு வைத்திருப்பவர்கள் அப்படியே பார்த்து எழுதுகிறார்கள்.

சரியான முறை இதுதான். ஒவ்வொரு நோடுக்கும் தனி ஃபோல்டர். சிங்க்ரோநெட், மிஸ்டிக் போன்ற மென்பொருள்கள் நோடுவாரியாகத் தனி இடம் வைத்துக்கொண்டு அங்கேதான் சீட்டை எழுதுகின்றன, நாம்தான் அதை வெளியே எடுத்து ஓரிடத்தில் குவிக்கிறோம். பேட்ச் ஃபைலுக்கு நோடு எண்ணை அனுப்புங்கள். எமுலேட்டருக்குள் அந்த நோடின் ஃபோல்டரைத் தனி டிரைவாக இணைத்து, சீட்டை அங்கிருந்தே படிக்கும்படி விளையாட்டின் அமைப்பில் குறிப்பிடுங்கள். டோர்இன்ஃபோ1 என்ற பெயரில் இருக்கும் 1 நோடு எண்ணைக் குறிக்க வந்ததுதான். ஆனால் எந்த நோடாக இருந்தாலும் 1 என்றே எழுதும் மென்பொருள்கள் நிறைய உண்டு, அந்த எண்ணை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் சீட்டை அழிக்க வேண்டும். நீங்கள் சோதித்துப் பார்த்தபோது எழுதிய சீட்டு அங்கேயே கிடந்து, ஒரு நாள் புதிய சீட்டு எழுதப்படாமல் போனால், அடுத்து வருபவர் உங்கள் பெயரில், உங்கள் அதிகாரத்தோடு உள்ளே போவார்.

சீட்டைப் பிரித்த பிறகும் எல்லோரும் எழுதும் ஆட்டத் தகவல் ஒன்றுதான். ஒருவர் எழுதும்போது இன்னொருவர் எழுதாமல் தடுக்கும் ஃபைல் பூட்டு, டாஸில் ஷேர் என்ற நிரலின் வேலை. உங்கள் எமுலேட்டர் அதை மதிக்கிறதா என்று சோதியுங்கள். மதிக்கவில்லையென்றால், ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று பி.பி.எஸ். அமைப்பிலேயே கட்டுப்படுத்துங்கள். காத்திருப்பவர் கொஞ்சம் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

இந்தத் தவறு இருக்கிறதா என்று பார்க்க நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டாம். பேட்ச் ஃபைலில் விளையாட்டு தொடங்கும் வரிக்கு முன்னால் இருபது விநாடி இடைநிறுத்தம் வையுங்கள். இரண்டு பெயர்களில் இரண்டு இணைப்புகளிலிருந்து அடுத்தடுத்து நுழையுங்கள். வேளச்சேரி இளைஞரின் மடிக்கணினியிலும் என் கணினியிலுமாக இதைச் செய்து காட்டினேன். இரண்டு திரையிலும் என் பெயரே வந்து நின்றது. காபி ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தபடியே வரியை மாற்றினார்.

ஆள் உள்ளே இருக்கும்போது பராமரிப்பை ஓட்டுவது

அன்றாடப் பராமரிப்பைப் பன்னிரண்டு மணிக்கு வைக்காதீர்கள். காரணம் மேலே இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு வையுங்கள், அப்போதும் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

தமிழில் பெயர்

எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த விளையாட்டுகள் அறிந்தது 437 என்ற எழுத்துப் பட்டியலை மட்டும், அதில் தமிழ் இல்லை. யூ.டி.எஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கிறது. கார்த்திகேயன் என்று எழுதினால் 39 பைட் ஆகிவிடும். இருபத்தைந்து எழுத்துக்கு மேல் இடம் ஒதுக்காத விளையாட்டு அதைப் பாதியில் வெட்டும், திரையில் கோடும் கட்டமுமாக வரும். தமிழைப் பலகையின் செய்திப் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்கு ஆங்கில எழுத்தில் ஒரு புனைபெயர் கேட்டு வாங்குங்கள்.

புனைபெயர் இன்னொரு வகையிலும் நல்லது. டோர்இன்ஃபோ ஃபைலில் முதல் பெயருக்கு ஒரு வரி, குடும்பப் பெயருக்கு ஒரு வரி. நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? ஒரு நாள் 'க. முருகன்' என்று வந்தவர் அடுத்த மாதம் தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு வருவார். பெயரைக் கொண்டே ஆளை அடையாளம் காணும் விளையாட்டு, அவரைப் புதியவர் என்று முதல் நிலையிலிருந்து தொடங்க வைக்கும்.

23ஆம் போர்ட்

டெல்நெட் வழியாக வருபவர்கள் நுழையும் வழக்கமான எண் இது. வேறு எண்ணுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நோடுகளில் மனிதர்களைவிடத் தானியங்கி நிரல்களே அதிகம் உட்கார்ந்திருக்கும்.

வராதவரை அழிக்கும் கெடு

சில நாள் எட்டிப்பார்க்காத ஆட்டக்காரரைத் தானாக நீக்கும் வசதி பல விளையாட்டுகளில் உண்டு. பட்டியல் சுத்தமாக இருக்கட்டும் என்று நான் நான்கு நாள் வைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீரும் வடியவில்லை, மின்சாரமும் வரவில்லை. வெளிநாட்டில் இருந்த என் சர்வருக்கு இதெல்லாம் தெரியாது. அது ஒவ்வொரு நாளும் ஒழுங்காகப் பராமரிப்பை ஓட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டிருந்தது. பழைய நகல் ஒன்று இருந்ததால் மீட்டேன். இப்போது கெடு அறுபது நாள்.